தலைசுற்றலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது: மாத்திரையா, எப்லி முறையா, பயிற்சியா?

வீட்டில் ஒருவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டால், ஓரிரு நாட்களுக்குள் அந்தக் குடும்பத்தின் முன் பல வழிகள் வந்து நிற்கின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் போடப்படும் கழுத்துப் பட்டை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்ற யோசனை, உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சிக் காணொளி ஆகியவை முதலில் வருகின்றன. பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றோடு நாட்களைக் கடத்துவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பிறகு, பெரும்பாலும் மாதங்கள் கழிந்த பிறகே, தலையைச் சில நிலைகளில் வரிசையாகத் திருப்பிச் செய்யும் எப்லி முறைக்கோ பயிற்சிக்கோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டலாமா என்ற கேள்வி எழுகிறது.

இந்த வழிகளில் எது எந்த நிலைக்குப் பொருந்தும் என்பதை, தலைசுற்றலுக்கும் நிலைதடுமாற்றத்துக்கும் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இங்கே ஒப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கும் பயிற்சிக்கும் இடையே தேர்வு செய்வதற்கு முன், முறையான மதிப்பீட்டைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு வகைத் தலைசுற்றலை ஒரே நாளில் தீர்க்கக்கூடிய சிகிச்சை இன்னொரு வகைக்குச் சிறிதும் பயன்படாது. மூன்றாவது வகையில் அதைச் செய்து கொண்டிருப்பதே ஆபத்தான காலதாமதமாகிவிடும்.

முதலில் விலக்க வேண்டியது

திடீரென்று வந்த தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிதல், முகமோ கையோ ஒரு பக்கம் மரத்துப் போதல் அல்லது வலுவிழத்தல், விழுங்க முடியாமை, இதுவரை அறியாத கடும் தலைவலி, பிடித்துக் கொண்டாலும் நிற்க முடியாத அளவு தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. 108-ஐ அழைத்து, பக்கவாதத்துக்குச் சிகிச்சை அளிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று குறைந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மணிக்கணக்கில் விடாமல் சுற்றிக் கொண்டிருப்பவரின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்பி, கண்கள் இலக்கில் நிலைக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை ஆய்வாளர்கள் ஹால்மகியும் கர்தாய்ஸும் 1988-ல் விவரித்தார்கள். கண் இலக்கைத் தவறவிட்டு, பிறகு தாவிப் பிடித்தால், கோளாறு பெரும்பாலும் உட்செவியிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. தொடர்ந்து சுற்றல் இருந்தும் இந்தச் சோதனை இயல்பாக அமைந்தால், அதுவே மூளையைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம். இதனோடு கண் துடிப்பின் திசை, இரு கண்களின் மேல்கீழ் ஒழுங்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை, முதல் இரண்டு நாட்களில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. தவறவிடும் சில பக்கவாதங்களையும் கண்டுபிடித்துவிடுகிறது என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுமூளைப் பகுதியில் ஏற்படும் பக்கவாதத்தின் தொடக்கத்தை சி.டி. ஸ்கேன் பல நேரங்களில் காட்டாது. ஆகையால் ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, நிற்கவே முடியாத ஒருவரை வீட்டுக்கு அழைத்து வருவது சரியான முடிவு ஆகாது.

மதிப்பீட்டில் என்ன நடக்க வேண்டும்

‘எப்படிச் சுற்றுகிறது’ என்ற கேள்விக்கு மக்கள் தரும் பதில் நாளுக்கு நாள் மாறும். கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம், தலை பாரம் என்று ஒருவரே நான்கும் சொல்வார். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்யும்போது வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. படுக்கையில் புரளும்போதும், மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் ஒரு நோய். காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து சில மணி நேரம் நீடித்தால் வேறொன்று. நாட்கணக்கில் விடாமல் சுற்றி, வாந்தியோடு படுக்கையில் தள்ளினால் மற்றொன்று. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமில்லாமல், எழுந்து நின்றவுடன் கண் இருட்டிக் கொண்டு வந்தால், காதை விட்டுவிட்டு இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்; படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்து, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அத்தகையவரிடம் இரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்த்து உட்கொள்கிறாரா என்று கேட்காமல் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் பொருளில்லை. அவருக்கு வேண்டியது மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்யும் மருத்துவர்.

கேள்விகள் முடிந்தபின் கண்களின் அசைவு, தலைத் திருப்பல் சோதனை, நிலைமாற்றச் சோதனைகள், பிறகு நிற்றல், நடத்தல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நிற்பதைச் சோதிக்கும்போது, தரையில் கண் திறந்து, கண் மூடி, பிறகு மெத்தென்ற நுரைப்பலகையின் மேல் கண் திறந்து, கண் மூடி என்று நான்கு நிலைகளில் நிறுத்திப் பார்க்கிறோம். உடல் நிலையாக நிற்பதற்குக் கண், பாதம், உட்செவி ஆகிய மூன்றும் தகவல் தருகின்றன. நுரைப்பலகையில் கண்ணை மூடியவுடன் மட்டும் சாய்பவருக்கு உட்செவியின் பங்கு குறைந்திருக்கிறது என்று அறிய முடிகிறது. நீண்ட காலம் சர்க்கரை நோய் உள்ளவர் தரையில் கண்ணை மூடும்போதே தடுமாறினால், பாதத்தின் உணர்வைத் தொட்டுச் சோதிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார ஒரு முதியவருக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழும் அபாயம் உள்ளவராகக் கருதப்படுகிறார். நடக்கும்போதே தலையைத் திருப்பச் சொல்லிப் பார்க்கும் நடைச் சோதனை 30 மதிப்பெண்ணுக்கானது. அதில் 22-க்கும் கீழே இருப்பவர்களைத் தனியே சாலைக்கு அனுப்ப நான் தயங்குவேன். அன்றாட வாழ்வைத் தலைசுற்றல் எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதை 25 கேள்விகளில் அளக்கும் படிவமும் உண்டு. முதல் நாளும் சில வாரங்கள் கழித்தும் அதை நிரப்பினால், சிகிச்சை வேலை செய்கிறதா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும்.

நிலை மாறும்போது வரும் சுற்றல்

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வரும் நிலைமாற்றத் தலைசுற்றல்தான் மக்களிடையே மிகவும் பரவலாகக் காணப்படும் உட்செவித் தலைசுற்றல். வாழ்நாளில் ஏறத்தாழ 2.4 விழுக்காட்டினருக்கு இது வருவதாக ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2007-ல் கணக்கிட்டது. உட்செவியில் புவியீர்ப்பை உணரும் பையின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழல்களில் ஒன்றுக்குள் விழுந்துவிடுகின்றன. தலை அசையும்போது அவை குழலுக்குள் உருண்டு, திரவத்தைத் தள்ள, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்யான செய்தி போகிறது. பெரும்பாலும் பாதிக்கப்படுவது பின்பக்கக் குழல்.

லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் 1952-ல் விவரித்த சோதனைதான் இன்றும் இதற்கு அடிப்படை. நோயாளியைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை ஒரு பக்கமாக 45 டிகிரி திருப்பி, அப்படியே வேகமாகப் படுக்க வைத்து, கட்டில் விளிம்புக்கு அப்பால் தலை சற்றே தொங்குமாறு பிடித்துக் கொள்கிறோம். “அம்மா, சுத்தினாலும் கண்ணை மூடாதீங்க, என் மூக்கையே பாருங்க, நான் பிடிச்சிருக்கேன்” என்று சொல்லிக் கொண்டிருக்கும்போது முதல் சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு அவர் என் முழங்கையை இறுகப் பற்றுவார். “ஐயோ, சுத்துது தம்பி, கட்டிலே கவிழுது” என்பார். அந்த நேரத்தில் அவருடைய கண்கள் நெற்றியை நோக்கித் துடித்துக் கொண்டே, கீழே இருக்கும் காதின் பக்கமாகச் சுழல்வது தெளிவாகத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு அடங்கிவிடும். எந்தக் காது, எந்தக் குழல் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு நிமிடம் விடை சொல்லிவிடுகிறது. எந்த ஸ்கேனிலும் இந்தத் துகள்கள் தெரிவதில்லை. இந்தக் கண் துடிப்பு தெளிவாகக் கிடைத்து, வேறு சந்தேகத்துக்குரிய அடையாளங்களும் இல்லாதபோது, ஸ்கேன் எடுப்பது வீண் செலவு என்றே சொல்வேன்.

இப்போது வழிகளை ஒப்பிடலாம். பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகிய மாத்திரைகளில் எதுவும் குழலுக்குள் கிடக்கும் துகளை வெளியே எடுப்பதில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2017-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், இந்த நோய்க்குத் தலைசுற்றலை அடக்கும் மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. வாந்தி அதிகமாக உள்ளவருக்குச் சிகிச்சையைத் தாங்கிக்கொள்வதற்காக ஓரிரு வேளை தருவது வேறு. மாதக் கணக்கில் தொடர்வது வேறு. சின்னரிசினும் புரோகுளோர்பெரசினும் முதியவர்களிடம் நீண்ட நாள் தொடர்ந்தால் கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை தளர்வு ஆகிய பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் கொண்டு வரக்கூடும். தலைசுற்றலுக்காகத் தொடங்கிய மாத்திரையே கீழே விழக் காரணமாகிவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-ல் வெளியிட்ட முறை, வளைந்த குழாய்க்குள் விழுந்த மணியைக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து வெளியே உருட்டுவதைப் போன்றது. சோதனையில் சுற்றல் வந்த அதே நிலையில் தலையை வைத்திருந்து, அடங்கியபின் மறுபக்கம் திருப்பி, பிறகு உடலோடு ஒருக்களித்து மூக்கு தரையை நோக்குமாறு செய்து, கடைசியில் எழுப்பி உட்கார வைக்கிறோம். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, போலிச் சிகிச்சையோ வேறு ஒப்பீட்டுச் சிகிச்சையோ பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கே சுற்றல் முழுவதும் நின்றபோது, எப்லி முறை செய்யப்பட்டவர்களில் 56 விழுக்காட்டினருக்கு நின்றது. முதல் முறையில் தீராதவர்களுக்கு மீண்டும் செய்யலாம். செமான் என்பவரின் பெயரில் வழங்கும் முறையும் இதே அளவு பலன் தருகிறது. கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதவர்களுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் செய்யும் அந்த முறையே வசதியானது. முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு பாதிக்கப்பட்டவர்கள், கழுத்தில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு எந்த முறையையும் மருத்துவரைக் கேட்டபின்பே செய்ய வேண்டும்.

வீட்டிலேயே காலை, மதியம், இரவு பக்கவாட்டில் மாறி மாறிப் படுத்து எழும் பிராண்ட்-டாராஃப் பயிற்சி 1980 முதல் வழக்கில் இருக்கிறது. அதை ஒரு வாரம் தினமும் மூன்று வேளை செய்வதைவிட, ஒரே ஒரு முறை செய்யப்படும் எப்லி சிறந்தது என்று அதே தொகுப்பாய்வில் இடம்பெற்ற ஆய்வு கண்டது. எப்லி செய்ய ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு அந்தப் பயிற்சியைச் சொல்வேன். ஆள் கிடைக்கும் ஊரில் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். எதுவும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழிதான், ஏனெனில் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். நாற்பது வயதுக்காரர் விரும்பினால் காத்திருக்கட்டும். எலும்பு மெலிந்த எழுபது வயது அம்மா இரவில் கழிவறைக்கு எழும்போது இடுப்பு எலும்பை முறித்துக் கொள்ளக்கூடிய அந்தச் சில வாரங்களை வீணாக்க எனக்கு மனமில்லை. வேறு நோய்களுக்காக முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வந்த 100 பேரை அமெரிக்காவில் சோதித்தபோது 9 பேருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது என்று 2000-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலர் தலைசுற்றல் என்று சொல்லியிருக்கவே மாட்டார்கள், வயதாகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காணொளியைப் பார்த்துத் தானே செய்துகொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். அதில் வரும் முறை சரியாகவே இருக்கலாம், ஆனால் எந்தக் காது, எந்தக் குழல் என்று காணொளி சொல்லாது. வலது காதுக்கு உரியதை இடது காதுக்குச் செய்தால் பலன் இல்லை. பக்கவாட்டுக் குழலில் துகள் இருப்பவருக்கு எப்லி பொருந்தாது. படுத்தபடி தலையை இரு பக்கமும் உருட்டிச் சோதித்து, முழு உடலையும் படிப்படியாக ஒரு சுற்று உருட்டும் வேறு முறையைச் செய்ய வேண்டும். சில நேரங்களில் துகள் ஒரு குழலிலிருந்து இன்னொரு குழலுக்குத் தாவிவிடுவதும் உண்டு. அப்போது சுற்றல் முன்பைவிடக் கடுமையாகும். ஒரு முறை நேரில் கண்டறியப்பட்டு, செய்முறையைக் கற்றுக்கொண்டவர், மீண்டும் அதே போல வரும்போது வீட்டில் தானே செய்து கொள்வதை நான் வரவேற்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது திரும்பி வருவதால், அந்தக் கல்வி அவர்களுக்கு நிச்சயம் உதவும். இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதைக் கால்சியத்தோடு சேர்த்துத் தந்தபோது மறுபடியும் வருவது குறைந்தது என்று கொரியாவில் நடந்த பெரிய ஆய்வு 2020-ல் காட்டியிருப்பதால், அடிக்கடி வருபவர்கள் அந்த அளவைப் பார்த்துக் கொள்வது நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாட்கள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும், தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குத் தேவை இல்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். சில நாட்கள் இலேசான மிதப்பு உணர்வு இருக்கும். அதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு பக்க உட்செவி நரம்பு வலுவிழந்தால்

நாட்கணக்கில் விடாமல் சுற்றும் உட்செவி நரம்பு அழற்சியில் ஒப்பீடு வேறு விதமாக அமைகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஓய்வும், வாந்தியையும் சுற்றலையும் அடக்கும் மருந்தும் தேவை. அதற்கு மேல் இரண்டும் தடையாகிவிடுகின்றன. இழந்த பக்கத்தின் குறையை மூளை தானே ஈடுகட்டிக் கொள்ள வேண்டுமானால், தலை அசையும்போது பார்வை வழுக்குகிறது என்ற பிழையை அது மீண்டும் மீண்டும் உணர வேண்டும். படுத்தே கிடப்பவருக்கும், மாத்திரையில் மந்தமாக இருப்பவருக்கும் அந்த உணர்வு கிடைப்பதில்லை. மூன்று வாரம் படுக்கையில் இருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்தே திரும்பும் பழக்கத்தோடு வருபவர்களைத் தேற்றுவது, நான்காம் நாளே நடக்கத் தொடங்கியவர்களைத் தேற்றுவதைவிடக் கடினம்.

இங்கே இரண்டு வகைப் பயிற்சிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, 1940-களில் பிரிட்டனில் காதோர்னும் குக்ஸியும் தலைக்காயம் பட்டவர்களுக்காக வகுத்த பொதுவான பயிற்சி வரிசை. கண்ணை அசைத்தல், தலையை அசைத்தல், குனிந்து எடுத்தல், பந்தைக் கை மாற்றுதல் என்று படிப்படியாகப் போகும் இந்த வரிசைதான், இன்றும் பல மருத்துவமனைகளில் நகலெடுத்த தாளாக நோயாளியின் கையில் தரப்படுகிறது. மற்றொன்று, மதிப்பீட்டில் தெரிந்த குறைக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அமைக்கப்படும் பயிற்சி. தாள் கிடைப்பது ஒன்றும் கிடைக்காததைவிட மேல் என்றாலும், யாரும் பார்த்துத் திருத்தாத தாள் ஒரு வாரத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அமெரிக்க நரம்பியல் பிசியோதெரபி அமைப்பு 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், தலையை அசைத்தபடி பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியை, நாள்பட்ட ஒரு பக்கக் குறைவு உள்ளவர்கள் தினமும் பல வேளைகளாகப் பிரித்து மொத்தம் 20 நிமிடங்களாவது, 4 முதல் 6 வாரங்கள் செய்ய வேண்டும் என்கிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும் பயிற்சிகளை இதற்கு மாற்றாகத் தரக்கூடாது என்றும் அது சொல்வது, பலருடைய பயிற்சித் தாளில் முதல் பக்கத்தையே திருத்தச் சொல்வதாகும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினக்காலண்டரின் பெரிய தேதி எண்ணைக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, கைநீட்டும் தொலைவில் உட்கார்ந்து, அந்த எண்ணைவிட்டுப் பார்வையை எடுக்காமல் தலையை ‘இல்லை’ என்பது போல ஒரு நிமிடம் அசைக்க வேண்டும். பிறகு ‘ஆமாம்’ என்பது போல. எண் மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றே குறைவான வேகம்தான் சரியான வேகம். அது எளிதானதும் நின்றபடி, பிறகு சுவர் மூலையில் தலையணை மேல் நின்றபடி, பிறகு அறையின் மறுகோடியிலிருந்து, பிறகு பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் என்று கடினமாக்கிக்கொண்டே போகலாம். பயிற்சியின்போது இலேசாகச் சுற்ற வேண்டும். முடித்த கால் மணி, இருபது நிமிடத்துக்குள் அது அடங்க வேண்டும். சிறிதும் சுற்றாவிட்டால் பயிற்சி போதாது, மாலை வரை தொடர்ந்தால் அளவு அதிகம்.

இரு பக்க உட்செவியும் பழுதானவர்களின் நிலை இன்னும் கடினமானது. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின் ஆகிய ஊசி மருந்துகள் சிலருக்கு உட்செவியின் சமநிலைப் பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. காசநோய்க்கு ஊசி போட்டுக் குணமானவர்களில் சிலர், நடக்கும்போது தெருவே குதிப்பதாகவும், மின்சாரம் போன இரவில் வாசலைக் கடக்க முடியவில்லை என்றும் சொல்வதை, காசநோயின் பலவீனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இவர்களுக்கு எந்த மாத்திரையும் உதவாது. பார்வைப் பயிற்சியை 20 முதல் 40 நிமிடம் வரை நீட்டி, கண்ணையும் பாதத்தையும் அதிகம் நம்பி நடக்கக் கற்றுத் தந்து, இரவு விளக்கும் கைத்தடியும் ஏற்பாடு செய்து தருவதே சிகிச்சை. முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மையானது.

கழுத்துத் தேய்மானம் என்ற முடிவு

நம் ஊரில் தலைசுற்றலோடு வருபவர்களில் பலர் கையில் கழுத்து எக்ஸ்ரே ஒன்றைக் கொண்டு வருகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த பெரும்பாலானவர்களின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். ஆகையால் படத்தில் தேய்மானம் இருப்பது தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்பதற்குச் சான்றாகாது. கழுத்தால் வரும் தலைசுற்றல் என்று ஒன்று உண்டா என்பதிலேயே நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கழுத்து வலியோடு சேர்ந்து வந்து, மற்றக் காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்ட பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். கழுத்துப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் தலைசுற்றலுக்காகத் தருவதை நான் ஏற்பதில்லை. பட்டை தலையசைவைக் குறைக்கிறது, தலையசைவு குறைந்தால் மூளையின் ஈடுகட்டல் நின்றுவிடுகிறது. படுக்கையில் புரளும்போது மட்டும் சுற்றும் ஒருவர் பட்டையோடு ஓராண்டைக் கழித்துவிட்டு, பிறகு ஒரே எப்லியில் குணமடையும்போது, அந்த ஓராண்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை.

பயிற்சி முதல் தேர்வாக இல்லாத இடங்கள்

காது அடைப்பு, இரைச்சல், ஏற்றத்தாழ்வான கேள்திறன் ஆகியவற்றோடு வரும் மெனியேர் நோயில், தாக்குதல்கள் வந்து வந்து போகும் கட்டத்தில் பயிற்சியால் அவற்றைத் தடுக்க முடியாது. காது மருத்துவரின் கண்காணிப்பே முதன்மை. அந்த நோய்க்கும் நம்பித் தரப்படும் பீட்டாஹிஸ்டின், போலி மாத்திரையைவிடத் தாக்குதல்களைக் குறைக்கவில்லை என்று ஜெர்மனியில் 221 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒற்றைத் தலைவலியோடு தொடர்புள்ள தலைசுற்றலில் தூக்கம், உணவு நேரம், தடுப்பு மருந்து ஆகியவை முதலில் வருகின்றன. மூன்று மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மிதப்பாகவே இருந்து, கடைவீதிக் கூட்டத்திலும் ஓடும் பேருந்தைப் பார்க்கும்போதும் அதிகமாகும் நிலைக்கு 2017-ல் வரையறை வகுக்கப்பட்டது. அதில் பயிற்சி உதவும் என்றாலும், மருத்துவர் தரும் மருந்தும் மனநல ஆலோசனையும் சேர்ந்தால்தான் பலன் நிலைக்கிறது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அவர்களிடம் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

முதியவர்களின் தள்ளாட்டம்: மருத்துவமனையா, வீடா?

சுற்றல் என்று எதுவும் இல்லாமல் நடை மட்டும் தள்ளாடும் முதியவர்களுக்கு, பெருநகர மருத்துவமனைகளிலுள்ள அசையும் தளங்களும் திரைக் காட்சிகளும் கொண்ட கருவிகள் தேவையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கருவி குறையை எண்ணாகக் காட்டுகிறது, ஆர்வத்தையும் தூண்டுகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை கருவியின் மேல் நிற்பதைவிட, வாரத்தில் பல நாட்கள் சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதே உடலுக்குப் பழக்கமாகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம், கால் வலிமையையும் நிலைப்பாட்டையும் சேர்த்து வளர்த்து, கீழே விழுவதை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. அதற்குத் தேவைப்பட்டவை கணுக்காலில் கட்டும் எடையும், அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவரும் மட்டுமே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவையும் அடங்கியிருப்பதால், வெளியே செல்ல முடியாத முதியவர் உள்ள குடும்பங்கள் தங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெற வேண்டும். வருபவர் நடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், கழிவறையின் வழுக்கும் தரை, வாசற்படியின் உயரம், தேய்ந்த ரப்பர் செருப்பு, கண்புரை ஆகியவற்றையும் பார்க்கும்படி கேட்கலாம்.

எந்தப் பிசியோதெரபிஸ்டிடம் போனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். முதல் நாளே உங்களைப் படுக்க வைத்துக் கண்களைப் பார்த்தாரா? சிகிச்சை முடிந்ததும் அதே சோதனையை மீண்டும் செய்து, துடிப்பு நின்றுவிட்டதா என்று உறுதிப்படுத்தினாரா? வீட்டில் செய்ய வேண்டியதை அளவோடும் வேகத்தோடும் எழுதிக் கொடுத்தாரா? மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலையைத் தானாகவே சொன்னாரா? கழுத்தில் சூடு வைத்து, மின்கருவி பொருத்தி, பத்து நாள் வரச் சொல்லும் இடத்தில் இந்த நான்கில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அங்கே தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. நிலைமாற்றத் தலைசுற்றல் ஒரு மாதத்துக்குள்ளும், உட்செவி நரம்புக் குறைவு முறையாகச் செய்த ஆறு வாரப் பயிற்சியிலும் சிறிதும் குறையவில்லை என்றால், அதே சிகிச்சையை நீட்டிக்காமல், முதல் நாள் குறிப்புகளையும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ சென்று மறுபடியும் முதலிலிருந்து மதிப்பிடச் சொல்ல வேண்டும்.